206 பந்தும் 46 பந்தும்

2025 ஜூலை 27 அன்று மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் வாஷிங்டன் சுந்தர் 206 பந்து ஆடி 101 நாட் அவுட். ஆகஸ்ட் 2 அன்று லண்டன் ஓவலில் 46 பந்தில் 53. நடுவில் ஒரு வாரம்கூட முழுசாகப் போகவில்லை. முதல் ஆட்டத்துக்கு ஸ்டிரைக் ரேட் 49, அடுத்ததற்கு 115. இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் ஒரு எண் வரும். அந்த வேகத்தில் அவர் இரண்டு ஊரிலும் ஆடியிருந்தால் இரண்டு ஊரிலுமே காரியம் கெட்டிருக்கும்.

பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் பஸ்ஸின் டிரைவரிடம் சராசரி வேகம் எவ்வளவு என்று எங்கள் அய்யம்பாளையத்தில் யாரும் விசாரிப்பதில்லை. எந்த வளைவில் எந்த கியர் போட்டார், எதிரே காப்பி மூட்டை லாரி இறங்கி வந்தபோது எங்கே ஒதுங்கினார் என்பதை வைத்துத்தான் கெட்டிக்காரர் என்கிறோம். டெஸ்ட் மட்டையாளரை மட்டும் ஒற்றை எண்ணில் அடைத்துவிடுகிறோம். சேவாக் 82, டிராவிட் 42 என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

நான் ஸ்கோர் எழுதும் நோட்டில் ரன்னுக்குப் பக்கத்தில் நாலு விஷயம் எழுதுவேன். பந்துக்கு எத்தனை ஓவர் வயது, அன்றைக்கு எத்தனை ஓவர் பாக்கி, எதிர்முனையில் நிற்பது யார், மட்டைக்குக் கிட்டே எத்தனை பேர் நிற்கிறார்கள். இந்த நாலும் தெரிந்துவிட்டால் அந்த ரன்னின் வேகத்துக்கு விலை போட்டுவிடலாம். 12 ஓவர் வயதான பந்தில், மூன்று ஸ்லிப் ஒரு கல்லிக்கு நடுவே, 40 பந்தில் எடுக்கும் 11 ரன் பெரிய சொத்து. 70 ஓவர் பழைய பந்தில், கேப்டன் டிக்ளேர் செய்வதற்காகக் காத்திருக்க, எல்லைக்கோட்டில் ஏழு பேர் நிற்கும்போது 40 பந்தில் 30 எடுப்பது சோம்பேறித்தனம். ஸ்கோர் கார்டு முந்தையவரை மட்டம் தட்டும், பிந்தையவரைத் தூக்கிவைக்கும்.

எங்கள் தேங்காய் மண்டிப் பக்கம் சாயங்காலம் கூடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று சேவாக் கட்சி. இன்னொன்று டிராவிட் கட்சி. அதற்குள்ளேயே புஜாரா பிரிவு. எனக்கு இரண்டிலும் நண்பர்கள் இருக்கிறார்கள், இரண்டிலும் சேர மனம் வரவில்லை. வேகம் ஒருவருடைய சுபாவம் என்று இரு தரப்பும் நம்புகிறது. மேட்சின் நிலைமைக்கு ஆட்டக்காரர் சொல்லும் பதில்தான் வேகம் என்பது என் கட்சி.

சேவாக் கட்சிக்கு அவருடைய இரண்டு இன்னிங்ஸையே சாட்சியாக வைக்கிறேன். இரண்டும் சேப்பாக்கம், இரண்டும் 2008. மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 பந்தில் 319. மூன்றாம் நாள் காலையில் 52-ல் தொடங்கியவர் மாலையில் 309-ல் நின்றார். ஒரே நாளில் ஒரே ஆள் 257 ரன். அந்த நாளின் சுகத்தை யாராலும் மறுக்க முடியாது. ஆனால் எதிரணி 540, நாம் 627, தட்டையான ஆடுகளம், மேட்ச் டிரா.

டிசம்பரில் அதே மைதானத்தில் இங்கிலாந்து 387 ரன்னை இலக்காக வைத்தது. நாலாம் நாள் மாலை. பந்து திரும்பத் தொடங்கிய களம். அன்று மாலை விக்கெட் விடாமல் கடத்திவிட்டு மறுநாள் டிராவுக்கு ஆட வேண்டியதுதான் என்று ஊரே நினைத்திருந்தபோது சேவாக் 68 பந்தில் 83 எடுத்தார். ஸ்கோரைவிட முக்கியம், அந்த 68 பந்தும் ஃபீல்டர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பது. ஸ்லிப் கலைந்தது, கிட்டே நின்றவர்கள் எல்லைக்கு ஓடினார்கள். மறுநாளைக்கு 256 ரன் போதும் என்ற கணக்கு வந்துவிட்டது. கடைசி நாளில் டெண்டுல்கர் 103-ம் யுவராஜ் 85-ம் அவுட்டாகாமல் அடித்தார்களே, அவர்கள் பதறாமல் சிங்கிள் தட்டி ஆடுவதற்கான நேரத்தை வாங்கிக் கொடுத்தது முந்திய நாள் மாலைதான். 319-க்குச் சிலை வைக்கட்டும். என்னைக் கேட்டால் அந்த 83-தான் சேவாக்.

வேகத்தின் உண்மையான வேலை நேரத்தை உண்டாக்குவது. 2024-ல் கான்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக முதல் நாள் 35 ஓவர், அடுத்த இரண்டு நாளும் ஒரு பந்துகூட இல்லை. மேட்ச் செத்துவிட்டது என்று டிவியை அணைத்தவர்கள் ஏராளம். நாலாம் நாள் இந்தியா 34.4 ஓவரில் 285 அடித்து டிக்ளேர் செய்தது, ஓவருக்கு எட்டு ரன்னுக்கு மேல். 7 விக்கெட்டில் ஜெயித்தார்கள். 1986 ஜனவரியில் சிட்னியில் நம் ஸ்ரீகாந்த் 117 பந்தில் அடித்த 116-ம் இந்த ஜாதிதான். கவாஸ்கர், அமர்நாத் இருவரும் சதம் அடித்து 600 ரன் சேர்ந்த அந்த இன்னிங்ஸில் ஸ்ரீகாந்தின் பங்கைப் பலர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு விளாசிய வேடிக்கையாகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவை ஃபாலோ ஆன் ஆட வைக்க முடிந்தது என்றால், அதற்கு அவர் மிச்சம்பிடித்துக் கொடுத்த ஓவர்களும் ஒரு காரணம். நேரம் கைகொடுக்காமல் ஆஸ்திரேலியா 119-க்கு 6 என்ற நிலையில் தப்பித்தது. அவர் சாவகாசமாக ஆடியிருந்தால் அந்த 6 விக்கெட்டுக்கும் வழி இருந்திருக்காது.

அதே வருஷம் செப்டம்பர், சேப்பாக்கம். டை ஆன டெஸ்ட். ஆலன் பார்டர் டிக்ளேர் செய்து 348 வேண்டும் என்று விட்ட கடைசி நாளை நான் ரேடியோவில் கேட்டேன். கொடைக்கானல் டவர் வந்து எங்கள் தெருவில் டிவி முளைப்பதற்கு முன்பு, தமிழ் வர்ணனைதான் எங்களுக்குக் கண். அப்துல் ஜப்பார் குரலில் ஒரு நிதானம் இருக்கும். எத்தனை ஓவர் பாக்கி, எத்தனை ரன் பாக்கி என்று ஓவருக்கு ஓவர் சொல்லிவிடுவார். ஸ்டிரைக் ரேட் என்ற வார்த்தையே காதில் விழுந்ததில்லை. மேட்ச் எங்கே நிற்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கவாஸ்கர் 90. டெஸ்டில் கட்டை போடுபவர் என்று பேர் வாங்கியவர் கடைசி நாள் விரட்டலை எவ்வளவு அழகாக நடத்தினார்! மூன்று வருஷத்துக்கு முன் டெல்லியில் மேற்கிந்தியப் புயல்களுக்கு எதிராக 94 பந்தில் சதம் அடித்தவரும் அவரேதான். கவாஸ்கரை மந்தம் என்பவர்கள் அந்த நாளை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி ஓவர். மேத்யூஸ் பந்து. 4 ரன் தேவை, கையில் ஒரு விக்கெட். சாஸ்திரி முதல் பந்தைத் தடுத்தார், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. ஸ்கோர் சமம். எதிர்முனையிலிருந்து வந்தவர் மணிந்தர் சிங். நாலாவது பந்தைத் தடுத்தார், ஐந்தாவதில் எல்பிடபிள்யூ. அந்த சிங்கிளை சாஸ்திரி எடுத்திருக்கக் கூடாது, தானே நின்று அடித்திருக்க வேண்டும் என்று நாற்பது வருஷமாகச் சண்டை போடுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு ரன்னோடு தோல்வி என்ற ஒன்று மேட்சிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் டை, இல்லாவிட்டால் வெற்றி. 40 பந்தில் 48 அடித்துக்கொண்டிருந்த மனிதர், அந்தச் சூட்டிலும் அதை யோசித்திருக்கிறார் பாருங்கள். அதுதான் ரசிக்க வேண்டிய இடம்.

இனி மெதுவான பக்கம். 1975 பொங்கல் டெஸ்டில் விஸ்வநாத் அடித்த 97 நாட் அவுட்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆண்டி ராபர்ட்ஸின் 7 விக்கெட், ஸ்கொயர் கட் எல்லாம் எழுதித் தீர்த்தாயிற்று. அதிகம் பேசப்படாத கணக்கு ஒன்று: 117-க்கு 8 விழுந்த பிறகு பேடியோடு 52, சந்திரசேகரோடு 21. மட்டை பிடிக்கத் தெரியாதவர் என்பதற்கே உதாரணமான சந்திரசேகரை வைத்துக்கொண்டு 21! வாலோடு ஆடுவது டெஸ்ட் கிரிக்கெட்டின் தனிக் கலை. ஓவரின் முதல் மூன்று, நாலு பந்தில் லட்டு மாதிரி சிங்கிள் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ எப்படியாவது எடுத்தாக வேண்டும். எதிரணி அதைத் தலைகீழாக யோசிக்கும்: முதல் நாலு பந்துக்கு ஃபீல்டரை எல்லைக்கு அனுப்பி 'எடுத்துக்கோ' என்று நீட்டும், கடைசி இரண்டு பந்துக்கு எல்லாரையும் கிட்டே வரவழைத்து வாசலை அடைக்கும். அந்த நேரத்தில் ஒருவர் விடும் டாட் பந்து தடுமாற்றத்தில் விட்டது அல்ல, ரன்னைத் தெரிந்தே மறுத்தது.

2021 சிட்னியும் அப்படி மறுத்த கதைதான். தொடையில் தசை கிழிந்த ஹனுமா விஹாரி 161 பந்தில் 23. முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாத நம் அஸ்வின் 128 பந்தில் 39. ஆளுக்கொரு முனை என்று பிரித்துக்கொண்டு, முனை மாறிவிடும் என்பதற்காகவே ஓடக்கூடிய ரன்னை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அன்று காலை பந்த் 118 பந்தில் 97 அடித்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 407 என்ற இலக்கு ஒரு கட்டத்தில் எட்டும் தூரத்தில் தெரிந்ததால் டிம் பெய்ன் ஃபீல்டரை முழுசாகக் கிட்டே கொண்டுவர முடியாமல் தவித்தார். வேகமாக ஆடியவர் கொடுத்த பயத்தின் நிழலில்தான் மெதுவாக ஆடியவர்கள் நின்றார்கள். முரளி விஜய் 2014-ல் டிரெண்ட் பிரிட்ஜில் 361 பந்தில் 146 எடுத்தபோது பந்தை விட்ட அழகையும் சொல்லாமல் போக மனமில்லை. ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்த மனிதர். மட்டையைத் தூக்கி, பந்து கீப்பரிடம் போய்ச் சேரும் வரை ஒரு பார்வை. விட்ட பந்துகளுக்கும் கைதட்டலாம் என்று கற்றுக்கொடுத்தவர் அவர்.

இருந்தாலும் என் ஆள் வாஷிங்டன்தான். விஜய்க்கு இரண்டு வேகம்; சேவாக்குக்கு ஒன்று; இவருக்கு எத்தனை என்று இன்னும் முடிவாகவில்லை.

முதல் டெஸ்டிலேயே தெரிந்தது. 2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா. காயம்பட்டவர்கள் வரிசையாக ஊர் திரும்ப, நெட் பந்துவீச்சாளராகத் தங்க வைக்கப்பட்டிருந்த 21 வயதுப் பையன். ஆஸ்திரேலியா 369, இந்தியா 186-க்கு 6. ஷர்துல் தாக்குரோடு 123 ரன் கூட்டு. 144 பந்தில் 62. அதில் நேதன் லயனை ஒரு சிக்ஸர் அடித்துவிட்டுப் பந்து போன திசையைக்கூடப் பார்க்கவில்லை. தலை குனிந்தபடியே நின்றது. படம் எடுத்தவர்கள் அதை ஸ்டைல் என்றார்கள். எனக்கு அதில் தெரிந்தது வேறு. கண் பந்து பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. தலை ஆடவில்லை. உயரமான உடம்பு, மட்டை இறங்குவது நேர்கோட்டில், கை அவசரப்படுவதே இல்லை. இந்தத் தலை அசையாத குணம்தான் பின்னால் அவருடைய எல்லா வேகத்துக்கும் அடித்தளம்.

ஐந்தாம் நாள் அதே மேட்சில் 328 இலக்கு. தேநீருக்கு 183-க்கு 3, பாக்கி 145. புஜாரா 211 பந்தில் 56 எடுத்து உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு, புதுப் பந்தில் அவுட் ஆனபோது தேவை சரியாக 100. பிறகு மயங்க் அகர்வாலும் போய் 63 பாக்கி இருக்கும்போது வாஷிங்டன் வந்தார். பந்த் அடிப்பார், இவர் நிற்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கம்மின்ஸ் பவுன்சரை ஹூக் செய்து ஒரு சிக்ஸர், அதே ஓவரில் ஒரு பவுண்டரி. உலகத்தின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளரை இரண்டாம் புதுப் பந்தில், அறிமுக டெஸ்டில்! 29 பந்தில் 22-தான். அந்த 22 வந்ததும் தேவைப்பட்ட ரன் விகிதம் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. பந்த் மேல் இருந்த அழுத்தம் இறங்கியது. 89 நாட் அவுட் என்று பந்த் பேர் எழுதப்பட்டது நியாயம்தான். ஆனால் அந்த ஓவரை வைத்து மேட்சைப் பாருங்கள்.

2024 டிசம்பர் மெல்போர்ன். 221-க்கு 7 விழுந்து, ஃபாலோ ஆனைத் தவிர்க்க இன்னும் 54 தேவை. ஒன்பதாவதாக வந்தார். எதிர்முனையில் நிதிஷ் குமார் ரெட்டி நன்றாக அடித்துக்கொண்டிருக்கிறார். இவர் 162 பந்தில் 50. அந்த ஐம்பதில் பவுண்டரி ஒன்றே ஒன்று! 127 ரன் கூட்டு. இதை அறுவை என்று எழுதியவர்களைப் பார்த்தேன். லயன் பந்தை முன்காலில் சாகடித்து, மிட்விக்கெட் இடுக்கில் தள்ளி ஒன்று, ஸ்டார்க் பந்தைப் பின்காலில் எழும்பித் தேர்ட்மேன் பக்கம் இறக்கி ஒன்று. ஒரு பவுண்டரியோடு ஐம்பது சேர வேண்டுமானால் ஓட்டம் எவ்வளவு, இடுக்கு பார்க்கும் கண் எவ்வளவு வேண்டும் என்று யோசித்தால் புரியும். அடிக்கிறவன் அடிக்கட்டும் என்று தன்னை ஒதுக்கிக்கொள்ளத் தெரிவதும் வேகக் கணக்கில் சேர்ந்ததுதான்.

மான்செஸ்டருக்கு வருகிறேன். இங்கிலாந்து 669. நாம் 358; 311 பின்தங்கி இரண்டாம் இன்னிங்ஸ், முதல் ஓவரிலேயே வோக்ஸ் இரண்டு விக்கெட் எடுத்து ஸ்கோர் பூஜ்யத்துக்கு 2. ராகுலும் கில்லும் 188 ரன் சேர்த்து உயிர் கொடுத்தார்கள். பந்த்துக்குக் கால் எலும்பு முறிவு. அதனால் ஐந்தாவதாக வாஷிங்டன். 222-ல் கில்லும் போனார். ஜடேஜா முதல் பந்திலேயே ஸ்லிப்பில் கேட்ச், ரூட் விட்டார். இன்னும் 89 ரன் பின்தங்கியிருக்கிறோம், உணவு இடைவேளைகூட வரவில்லை.

இங்கேதான் சும்மா டொக்கு வைத்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் தவறுவார்கள். பின்தங்கியிருக்கும் வரை, ஆல் அவுட் ஆனால் அவ்வளவுதான். எதிரணி மறுபடி மட்டை பிடிக்கவே வேண்டாம். ஒரு ரன் முந்திவிட்டால் அவர்கள் திரும்ப ஆட வேண்டும், நடுவில் பத்து நிமிடம் இடைவெளி, இரண்டு ஓவர் போச்சு. முந்திய பிறகு ஒவ்வொரு ரன்னும் நேரத்தை இரண்டு தடவை தின்னும்: நாம் எடுக்கும்போது ஒரு முறை, அவர்கள் விரட்டும்போது ஒரு முறை. ஆகவே டிரா செய்ய வேண்டிய நாளில் ரன் எடுப்பதும் தற்காப்புதான். வாஷிங்டனுக்கு இது தெரிந்திருந்தது. 206 பந்தில் 101 என்பது இரண்டு பந்துக்கு ஒரு ரன். டாசனின் உள்ளே திரும்பும் பந்தைத் தொங்கவிடாமல், மென்மையான கையோடு காலடியிலேயே விழ வைத்தார். ஸ்டோக்ஸ் குட்டைப் பந்து போட்டால் மட்டும் புல். கிட்டே நிற்பவர்கள் விலகினால் சிங்கிள், கூடினால் பவுண்டரி. ஜடேஜாவோடு பிரியாத 203.

15 ஓவர் பாக்கி இருக்கும்போது ஸ்டோக்ஸ் கை குலுக்க வந்தார். ஜடேஜா 89, வாஷிங்டன் 80. இருவரும் மறுத்தார்கள். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் புரூக்கைப் பந்து போட வைத்து, 'புரூக்கிடம் சதம் அடிக்க வேண்டுமா' என்ற தோரணையில் பேசினார்கள். நாள் முழுக்க உயிரைக் கொடுத்து ஆடியவர்களிடம் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. ஓவருக்கு ஐந்து ரன் அடிப்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் அணி அது. அந்தக் கொள்கையை நான் பழிக்கவும் இல்லை. 2022-ல் ராவல்பிண்டியில் முதல் நாளே 506 அடித்து, ஐந்தாம் நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் பாகிஸ்தானை வீழ்த்தினார்களே, செத்த களத்தில் நேரத்தை உண்டாக்கத் தெரிந்தவர்களின் வேலை அது. ஆனால் தன் வேகத்தை மட்டும் ரசிக்கத் தெரிந்தால் போதாது. எதிராளி மெதுவாக ஆடித் தன்னைக் கட்டிப்போட்டதையும் ரசிக்கத் தெரிய வேண்டும்.

ஆறு நாளில் ஓவல். இந்தியா இரண்டாம் இன்னிங்ஸ் 357-க்கு 9. வாஷிங்டன் ஒன்பதாவது ஆள். எதிர்முனையில் பிரசித் கிருஷ்ணா. மான்செஸ்டர் வாஷிங்டனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஓரிரு ஓவரில் முன்கால் விலகியது, மட்டை பெரிய வட்டம் போட்டது. அட்கின்சனும் டங்கும் குட்டையாகப் போட்டால் ஸ்கொயர் லெக்குக்கு மேலே, நீளமாகப் போட்டால் நேராக. மொத்தம் நாலு சிக்ஸர். எல்லைக்கோட்டில் ஆள் நிறுத்தி சிங்கிள் நீட்டினார்கள், வாங்கவில்லை. 39 பந்தில் ஐம்பது. அந்தக் கடைசி விக்கெட்டுக்குச் சேர்ந்தது 39 ரன், பிரசித் பங்கு பூஜ்யம். இலக்கு 374 ஆனது. ஐந்தாம் நாள் காலை சிராஜ் அட்கின்சனின் ஸ்டம்பைச் சாய்த்தபோது இங்கிலாந்து 367. ஆறு ரன்னில் வெற்றி. சிராஜுக்குப் பாராட்டு மழை, அது அவருக்கு உரியதே. மூன்றாம் நாள் சாயங்காலத்தின் அந்த 39-ஐ அதிகம் பேர் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்கு முன்பு லார்ட்ஸில் ஜடேஜா 181 பந்தில் 61 நாட் அவுட், 22 ரன்னில் தோல்வி. அடித்திருக்க வேண்டும் என்று எங்கள் மண்டியில் ஒரே கூச்சல். "அண்ணே, பும்ரா 54 பந்து நின்னாரு. அத்தனை நேரம் இருந்தும் இவரு எதுக்கு உருட்டிக்கிட்டிருந்தாரு?" என்று ஒரு தம்பி கேட்டார். கேள்வி நியாயமானது. 193 என்ற சின்ன இலக்கு, நேரம் கணக்கில்லாமல் கிடக்கிறது. அப்படியானால் ரன்னை வேகப்படுத்த அவசியமே இல்லை, விக்கெட் மட்டும்தான் கணக்கு. ஜடேஜா பக்கம் நான். பும்ராவும் சிராஜும் அவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு விதமாக ஆடியிருக்கலாம், ஆனால் ஆடும்போது அது யாருக்கும் தெரியாது. பஷீர் பந்து சிராஜின் மட்டையில் பட்டு உருண்டு ஸ்டம்பில் தட்டும் வரை ஜடேஜாவின் கணக்கு சரியாகவே இருந்தது. தோற்றதாலேயே தப்பான ஆட்டம் ஆகிவிடாது. 1999-ல் சேப்பாக்கத்தில் முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து, 17 ரன் பாக்கியில் சக்லைனைத் தூக்கி அடித்து அவுட் ஆனதையும் இப்படித்தான் இன்னமும் கிழிக்கிறார்கள். முதுகு எத்தனை ஓவர் தாங்கும் என்பது அவருக்குத்தானே தெரியும்? நிலைமை என்பதில் உடம்பும் அடக்கம்.

இப்போது டிவியில் மட்டையாளர் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டிரைக் ரேட் இரண்டு தசமப் புள்ளியோடு மினுக்குகிறது. பந்துக்கு எத்தனை ஓவர் வயது, இந்த செஷனில் எத்தனை பாக்கி என்பது எப்போதாவது வந்து போகிறது. பார்க்கிற கண் எதைக் காட்டுகிறார்களோ அதையே பழகுகிறது. மருதாநதி அணைப் பக்கமும் அறுவடை முடிந்த வயல்களிலும் ஞாயிற்றுக்கிழமை பையன்கள் ஆடும் டென்னிஸ் பால் மேட்சைப் பார்க்கிறேன். கை வேகம் அபாரம். எங்கள் காலத்தில் அப்படி ஒரு கையைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஆறு ஓவர், எட்டு ஓவர் மேட்சில் ஒரு பந்தை விடுவதற்கு எங்கே கற்றுக்கொள்வது? எதிர்முனைக்காரனுக்காக ஒரு சிங்கிளை மறுப்பது எப்படி என்று யார் சொல்லித் தருவது? விட்ட பந்துக்குத் திட்டு விழுகிற மைதானத்தில் வளர்ந்தவனுக்கு அதைப் பிறகு ஊட்ட முடியாது.

நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானம் இருப்பது எங்கள் மாவட்டத்தின் பாக்கியம். டிஎன்பிஎல் மேட்ச் என்றால் திண்டுக்கல்லிலிருந்து வண்டி வண்டியாகக் கூட்டம். அதே மைதானத்தில் 2019 டிசம்பரில் தமிழ்நாடு, கர்நாடகா ரஞ்சி மேட்ச் நடந்தது. முதல் இன்னிங்ஸில் தினேஷ் கார்த்திக் 113. கடைசி நாள் 181 தேவை. கிருஷ்ணப்பா கௌதம் 60 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து, நாம் 154-ல் சுருண்டு 26 ரன்னில் தோற்றோம். விரட்டலில் எப்போது கியர் ஏற்றுவது, எப்போது இறக்குவது என்ற பாடம் முழுக்க நம் வீட்டு வாசலிலேயே நடந்தது. இந்த வட்டாரத்துப் பயிற்சியாளர்கள் தங்கள் பையன்களை அந்த மாதிரி நாளில் கூட்டிப்போய் நாலு நாளும் உட்கார வைக்க வேண்டும். சிக்ஸர் பயிற்சி ஒரு வாரம் நின்றால் குடி முழுகிவிடாது.

வாஷிங்டன் பற்றி ஒரு மனக்குறையோடு முடிக்கிறேன். 2025 நவம்பரில் ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவரை மூன்றாவதாக இறக்கினார்கள். பந்து தாறுமாறாக எழும்பிய களம். 82 பந்தில் 29, 92 பந்தில் 31. இரண்டாம் இன்னிங்ஸில் இலக்கு 124, நாம் 93-க்கு ஆல் அவுட். அதில் அதிக ரன் அவருடையதே. அந்தப் பக்கம் பவுமா 136 பந்தில் 55 எடுத்து மேட்சைத் தன் பக்கம் இழுத்திருந்தார். அந்தக் களத்துக்குத் தேவையான வேகம் எது என்று இரண்டு அணியிலும் சேர்த்து விரல்விட்டு எண்ணும் ஆட்களுக்கே தெரிந்திருந்தது, அதில் இவர் ஒருவர். அடுத்த டெஸ்ட் குவாஹாத்தியில் அவரை எட்டாவது இடத்துக்குத் தள்ளினார்கள். அங்கேயும் 92 பந்தில் 48. குல்தீப் 134 பந்து கூடவே நின்றார். மெல்போர்னில் ஒன்பது, மான்செஸ்டரில் ஐந்து, ஓவலில் ஒன்பது, கொல்கத்தாவில் மூன்று, குவாஹாத்தியில் எட்டு. எந்த நிலைமைக்கும் பதில் வைத்திருக்கிறார் என்பதாலேயே எந்த ஓட்டையை அடைக்கவும் அவரைத் தூக்கிப் போடுகிறார்கள். இவ்வளவு பார்த்த பிறகும் ஒரு இடத்தை அவருக்குக் கொடுத்து, ஒரு பத்து டெஸ்டுக்கு அதைத் தொடக்கூடாது என்று தேர்வுக்குழு சொல்லக் கூடாதா? என்னைக் கேட்டால் ஐந்து. புதுப் பந்தும் வரும், பழைய பந்தும் வரும், சில நாள் வாலோடும் ஆட வேண்டியிருக்கும்.